தீயணைப்பு வண்டி வந்த பிறகும் ஏன் உடனே தண்ணீர் அடிப்பதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் அல்லவா. திருகோணமலை மத்திய வீதியில் புடைவைக் கடை வைத்திருக்கிறீர்கள். வேறோர் ஊரில் உங்கள் மைத்துனரின் கடை எரிந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்ற பிறகும் சில நிமிடம் தண்ணீர் வரவில்லை. வந்தபோது எரிகிற கடையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக் கூரைக்கு அடித்தார்கள். பிறகு நன்றாயிருந்த கூரைத் தகரத்தைப் பிடுங்கினார்கள். பாதியில் தண்ணீரும் முடிந்துவிட்டது. இதெல்லாம் தெரியாத்தனமா, முறையா? திருகோணமலையில் எங்கள் கடை வரிசையில் தீப்பிடித்தால் என்ன நடக்கும், நாங்கள் என்ன செய்யலாம்? இதுதான் கேள்வி.

சுருக்கமான பதில் முதலில். நீங்கள் கண்ட நாலில் முதல் மூன்றும் முறையான வேலை. நாலாவது வெறும் கணக்கு; அதற்கு வண்டியில் வந்தவர்களைத் திட்டிப் பயனில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கக் கசப்பாக இருக்கும்: கடை மிஞ்சுமா மிஞ்சாதா என்பது பெரும்பாலும் வண்டி வந்து சேருமுன்னரே முடிவாகிவிடுகிறது. துறைமுகப் பக்கத்தில் தீப்பாதுகாப்பு வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஓர் அறையில் பற்றும் தீ முதலில் பற்றிய பொருளை மட்டும்தான் எரிக்கும். சூடான புகை மேலே ஏறி, சீலிங்குக்குக் கீழே படலமாகத் தேங்கும். அந்தப் படலம் சுமார் 600 பாகை செல்சியசை நெருங்கும்போது, அது கீழே வீசும் வெப்பத்திலேயே அறையிலுள்ள மற்றப் பொருள்களும் தீயைத் தொடாமலே ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் உயிரோடு இருக்க வழியில்லை. மரத் தளபாடமும் பருத்தியுமாக இருந்த பழைய பாணி அறையில் இந்த நிலை வர அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. போம் மெத்தையும் பொலியெஸ்டரும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறையில் 5 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் இரண்டு விதமாகவும் அறைகளை அமைத்து எரித்துப் பார்த்துக் கண்ட விடயம் இது.

உங்கள் கடையை யோசித்துப் பாருங்கள். பொலியெஸ்டர் சேலை, நைலோன், பிளாஸ்டிக் உறை, அட்டைப் பெட்டி, போம் வைத்த நாற்காலி, மெல்லிய பலகை அலுமாரி. தீ பற்றி, யாரோ ஒருவர் அதைக் கண்டு, கூச்சல்போட்டு, தொலைபேசி எடுத்து, நிலையத்தில் ஆட்கள் உடுப்பு மாட்டி, வண்டி கிளம்பி, சந்தியில் நெரிசலைக் கடந்து வரவேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த தீயணைப்புப் படையாக இருந்தாலும் இது 5 நிமிடத்துக்குள் நடப்பது அபூர்வம். ஆகவே அவர்கள் வரும்போது பெரும்பாலும் எரிகிற அறை போய்விட்டிருக்கும். அவர்கள் காப்பாற்ற வருவது அடுத்த அறையை, மேல்மாடியை, அடுத்த கடையை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர்கள் செய்கிற பல வேலைக்குக் காரணம் விளங்கும்.

சரி, வண்டி வந்து நிற்கிறது. அந்தச் சில நிமிடத்தில் என்ன நடக்கிறது? பொறுப்பாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிறார். முன்பக்கத்தில் புகை மட்டும் தெரியலாம், பின் ஒழுங்கைப் பக்கம் யன்னலால் தீ வெளியே அடித்துக்கொண்டிருக்கலாம். எந்தப் பக்கத்தால் தண்ணீரை அடிப்பது என்பதை இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும். அதேநேரம் ஒருவர் உள்ளே ஆள் உண்டா என்று விசாரிக்கிறார், ஒருவர் குழாயை விரிக்கிறார், ஒருவர் மூச்சுக் கருவி மாட்டுகிறார். வெளியே நிற்கிற சனத்துக்கு இதெல்லாம் சும்மா ஓடித் திரிவதாகத்தான் தெரியும்.

கதவை ஏன் உடனே திறப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மூடிக் கிடந்த கடைக்குள் தீ, இருந்த காற்றைத் தின்று முடித்துவிட்டு அடங்கிப்போய் இருக்கலாம். வெளியே பார்த்தால் சுடர் இல்லை, ஷட்டர் இடுக்கால் மஞ்சளும் கறுப்புமாகப் புகை விட்டு விட்டு வரும். உள்ளே இருப்பது எரியத் தயாரான வாயு. அந்த நேரத்தில் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கினால் காற்று உள்ளே பாய, முழுவதும் வெடிப்பதுபோல் வெளியே அடிக்கும். உதவி செய்யப்போய் ஷட்டரைத் தூக்கியவர்கள் முகம் கருகுவது இப்படித்தான். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு தயாரான பிறகுதான் வாசலைத் திறக்கவேண்டும். தயாராகாமல் திறக்கவே கூடாது.

அப்புறம் மின்சாரம். கடையின் மெயின் சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைப்போம். அது எரிகிற பக்கத்தில் இருந்தால்? மின்சார சபையின் ஆட்கள் வந்து வீதிக் கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்கும் வரை அந்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கும். 1987 என்ற மின்சார சபை எண்ணை அழைப்பது அருகில் நிற்கிற யாரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் எல்லாரும் வீடியோ எடுப்பதில் மும்முரமாக இருப்பதால் அது யாருக்கும் தோன்றுவதில்லை. இப்போது கூரைக்குக் கூரை சோலர் பூட்டியிருக்கிறார்கள். வெயில் படுகிற நேரமெல்லாம் அந்தத் தகடுகள் மின்னை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். மெயினை நிறுத்தினாலும் தகட்டிலிருந்து கீழே இறங்கும் வயரில் பல நூறு வோல்ட் நேரோட்ட மின் (DC) நிற்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்காரர்கள், சோலர் எங்கே இறங்குகிறது, அதன் துண்டிப்பு சுவிட்ச் எங்கே என்பதை வாசலில் ஒரு தகட்டில் எழுதிப் போட்டால் தீயணைப்பாளர் ஒருவரின் உயிர் தப்பும்.

இனித் தண்ணீர்க் கணக்கு. ஒரு தீயணைப்பு வண்டியின் தாங்கியில் 4,500 லீற்றர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைக்குழாய் நிமிடத்துக்கு 450 லீற்றர் அளவில் அடிக்கும். ஆக ஒரு குழாய்க்கு 10 நிமிடம், இரண்டு குழாய் பிடித்தால் 5 நிமிடம். அவ்வளவுதான். அதற்குள் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வந்து சேரவேண்டும், அல்லது வேறு நீர்மூலம் பிடிக்கவேண்டும். உங்கள் மைத்துனரின் கடைக்கு வந்த வண்டி "தண்ணீரில்லாமல் வந்தது" என்று சனம் சொல்லியிருக்கும். அநேகமாக அது நிறையத்தான் வந்திருக்கும்.

வந்தவுடன் கண்டபடி அடிக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். தண்ணீர் தீயைத் தணிப்பது நனைப்பதால் மட்டும் இல்லை, ஆவியாவதால். சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதைப்போல ஏறத்தாழ 7 மடங்கு, கொதித்த தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்த வெப்பத்தைத் தீயிடமிருந்துதான் அது பறிக்கிறது. எரிகிற பொருளில் பட்டு ஆவியானால் ஒவ்வொரு லீற்றரும் உழைக்கும். புகைக்குள் குத்துமதிப்பாக அடித்தால் சுவரில் பட்டு வாசலால் ஓடிவந்து கானுக்குள் போய்விடும். கானில் வெள்ளம் ஓடினால் "நன்றாக அடிக்கிறார்கள்" என்று நாம் நினைக்கிறோம், விடயம் தெரிந்தவன் தலையில் கைவைப்பான். இன்னொன்று, 1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை. மேல்மாடிப் பலகைத் தளத்தில் துணிக்கட்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றால், எரிந்து மெலிந்த வளைகள் எத்தனை தொன்னைத் தாங்கும்? பழைய கட்டடங்களில் தீ பாதி தணிந்த பிறகு தளம் இறங்குவது இதனால்தான்.

இந்த இடத்தில் திருகோணமலைக்காரர் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள்: "சுற்றவரக் கடல், தண்ணீருக்கு என்ன பஞ்சம்?" நியாயமான கேள்விதான். ஆனால் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தின் உதவியால். கணக்குப்படி 10 மீற்றருக்குச் சற்று மேல், நடைமுறையில் 7 மீற்றர் அளவுக்குத்தான் நீர்மட்டத்திலிருந்து மேலே உறிஞ்ச முடியும். ஆகவே வண்டி தண்ணீருக்குக் கிட்டப் போய் நிற்கவேண்டும். உட்துறைமுக வீதிப் பக்கம் இது நடக்கக்கூடியது. தார் வீதியே தண்ணீரை ஒட்டி ஓடுகிறது. மற்றப் பக்கத்துக் கடற்கரையில் மணல். தண்ணீர் நிறைத்த வண்டி மணலில் இறங்கினால் அதை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். உறிஞ்சிய தண்ணீரைக் கடைத்தெரு வரை கொண்டுபோகவும் வேண்டும். ஒரு குழாய்ச் சுருள் 20 முதல் 30 மீற்றர். சுருள் மேல் சுருள் பூட்டப் பூட்ட அழுத்தம் குழாய்க்குள்ளேயே உராய்ந்து குறையும், இடையில் இன்னொரு பம்ப் வேண்டிவரும். உப்புத் தண்ணீர் பம்பையும் அரிக்கும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். கடல்நீரைப் பாவிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய தீயில் கட்டாயம் பாவிக்கவேண்டும். ஆனால் அது முதல் 10 நிமிடத்துக்கு உதவுகிற தண்ணீர் ஆகாது. முதல் 10 நிமிடத்துக்கு உதவுவது கடை வரிசைக்குப் பின்னால் உள்ள கிணறு, கோயில் கேணி, ஹோட்டல் நீச்சல் தடாகம், கட்டடத்தின் நிலத்தடித் தாங்கி. உங்கள் வரிசையில் இவை எங்கே உண்டு, வண்டி எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதை வர்த்தகர் சங்கம் ஒரு தாளில் வரைந்து தீயணைப்பு நிலையத்தில் கொடுக்கலாம். ஒரு பின்னேர வேலை இது.

பெரிய தீ என்றால் துறைமுக அதிகார சபை, கடற்படை, சீனக்குடா விமானப்படை ஆகியவற்றின் உதவியையும் கேட்க வாய்ப்புள்ள ஊர் நம் ஊர். எத்தனையோ ஊர்களுக்கு இந்த வசதி இல்லை.

பக்கத்துக் கடைக்கு அடித்த விடயத்துக்கு வருகிறேன். இதுதான் சனத்துக்கு மிகவும் கோபம் வருகிற காட்சி. மத்திய வீதி, பிரதான வீதிப் பக்கத்துப் பழைய கடைகளை நிமிர்ந்து பாருங்கள். கடைக்கும் கடைக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் பல இடங்களில் அந்தச் சுவர் சீலிங் வரைக்கும்தான். அதற்கு மேலே கூரைவரை ஒரே வெளி. ஒரு கடையில் பிடித்த தீ சுவரை எரிக்கத் தேவையில்லை. சீலிங்குக்கு மேலால் ஓடி மூன்றாவது கடையில் இறங்கும். மூன்றாவது கடைக்காரர் "இங்கே ஒன்றுமில்லை" என்று சாமான் ஏற்றிக்கொண்டு நிற்கும்போதே தலைக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே, போய்விட்ட கடையைப் போகவிட்டு, அடுத்த கடையின் கூரையை நனைத்துக் குளிரவைப்பதும், இரண்டு கடை தள்ளிக் கூரையைத் திறந்து தீ ஓடுகிற பாதையை வெட்டுவதும்தான் புத்தி. தகரத்தைப் பிடுங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு: தேங்கிய சூடும் புகையும் மேலால் வெளியேறும், உள்ளே தவழ்ந்து போகிறவர்களுக்குக் கீழே கொஞ்சம் கண் தெரியும். ஆனால் குழாய் தயாராகாத நேரத்தில் கூரையைத் திறந்தால் அதுவே தீக்குக் காற்று வழியாகும். எனவே சனம் ஆர்வத்தில் ஏறித் தகரம் கழற்றுவது உதவியாகாது.

இந்த "பக்கத்தைக் குளிரவை" என்ற கொள்கைக்கு நம் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் ஏன் ஒன்றுக்கொன்று அவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து, அந்தத் தாங்கி நாள்கணக்கில் எரிந்தது. எரிகிற எண்ணெய்த் தாங்கியை அணைப்பது மிகவும் கடினம். பக்கத்துத் தாங்கி சூடாகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை, அதற்கு இடைவெளி பாதி உதவி செய்துவிடும். கடைத்தெருவில் அந்த இடைவெளி இல்லை. அதன் இடத்தைத் தண்ணீர்தான் நிரப்பவேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை கச்சான் அடிக்கும் நாட்களில் எல்லாம் காய்ந்து கிடக்கும். கடற்கரை ஹோட்டல்களின் கிடுகுக் கூரைச் சாப்பாட்டுக் கொட்டகைகள் அந்த நாட்களில் ஒரு பொறிக்குக் காத்திருக்கின்றன. கிடுகு பற்றினால் எரிகிற துண்டுகள் காற்றில் பறந்து பல கொட்டகை தாண்டி விழும். ஆகவே அங்கே காற்று போகிற திசையில் உள்ள கூரைகளை முதலில் நனைக்கவேண்டும், எரிகிற கொட்டகை எப்படியும் நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். கிடுகுக்குக் கீழே திறந்த அடுப்பு வைப்பதை நான் எந்த ஹோட்டலிலும் கண்டால் சாப்பிடாமல் எழும்பிவிடுவேன்.

ஆனால் எனக்கு உண்மையில் பயம் கடைகளைப் பற்றியோ கொட்டகைகளைப் பற்றியோ இல்லை. கடைகளுக்கு மேலே மாடியில் நடக்கும் டியூஷன் வகுப்புகளைப் பற்றித்தான். கீழே புடைவைக் கடையோ பெயின்ட் கடையோ, மேலே 100 பிள்ளைகள், ஏறி இறங்க ஒரே ஒரு ஒடுங்கிய படிக்கட்டு, படிக்கட்டின் அடியில் மோட்டார் சைக்கிள்களும் மின்மானியும். கீழே பிடித்தால் படிக்கட்டு புகைக்கூண்டாக மாறும். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் இடத்தில் தொடங்கிய தீ, ஓலைக் கூரைக்கு ஏறியது, நெருக்கமான கட்டடம், ஒடுங்கிய வழி. அங்கே இருந்த குறைகளில் பாதி நம் ஊர் மாடி வகுப்புகளிலும் உண்டு. ஆட்கள் தூக்கிச் சார்த்துகிற ஏணி மூன்று மாடிக்கு மேல் பெரிதாக எட்டாது, எட்டினாலும் ஒவ்வொரு பிள்ளையாகத்தான் இறக்கலாம். இரண்டாவது படிக்கட்டு இல்லாத மாடியில் வகுப்பு நடத்த இடம் வாடகைக்குக் கொடுப்பவர்களையும், அங்கே நம் பிள்ளைகளை அனுப்புகிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டடத் தீயில் பெரும்பாலானவர்களைக் கொல்வது புகை. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, போம் எரிந்தால் சயனைட் வாயுவும் வரும். சில மூச்சில் கால் தள்ளாடும், புத்தி மங்கும், வாசல் தெரிந்தாலும் போகத் தோன்றாது. தீயணைப்பாளர் முதுகில் சுமக்கிற சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் அல்ல, அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்று. 6 லீற்றர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் 1,800 லீற்றர் காற்று இருக்கும். கணக்கில் 45 நிமிடம். வெக்கையில் ஆளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்தால் அரை மணித்தியாலமே பெரிய காரியம். காற்று குறையும்போது விசில் ஊதும், அப்போது உள்ளே இருப்பவர் வெளியே வந்தே ஆகவேண்டும். "உள்ளே போனவர்கள் பாதியில் திரும்பி வந்துவிட்டார்கள்" என்று கோபிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இதனால்தான் வீட்டிலும் கடையிலும் இருக்கிற மிக மலிவான தீயணைப்புச் சாதனம் கதவு என்கிறேன். வெளியே ஓடும்போது எரிகிற அறையின் கதவை இழுத்து மூடிவிட்டு ஓடுங்கள். சாதாரணப் பலகைக் கதவுகூடச் சில நிமிடம் தாக்குப்பிடிக்கும், அந்த நிமிடங்கள்தான் மேல்மாடிக்காரரின் உயிர். நம் வீடுகளில் யன்னலுக்கெல்லாம் இரும்புக் கிறில் அடித்து, முன்வாசலுக்குக் கிறில் கேற் போட்டு, இரவில் உள்பக்கம் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைப்பார்கள். புகைக்குள் அந்தத் திறப்பைத் தேட முடியாது. வாசலுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில், ஓர் ஆணியில் தொங்கட்டும்.

எதனால் பிடிக்கிறது? செய்தியில் எப்போதும் "மின்னொழுக்கு" என்று ஒரே காரணம்தான் வரும். மின்சாரம் பெரிய காரணம் என்பது சரிதான். ஆனால் "எங்களிடம் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை" என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின் நிலத்துக்குக் கசிகிறதா என்பதை. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லியம்பியரில் விழும். பிளக் பொயின்ட்டுக்குள் ஒரு திருகாணி தளர்ந்து, அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் உருகிப் பற்றும்போது கசிவு ஒன்றும் இருக்காது, ட்ரிப்பும் விழாது. நம் ஊர்க் கடற்காற்றின் உப்பு செப்பு இணைப்புகளில் பச்சைப் பூச்சாகப் படிந்து இணைப்பைக் கெடுக்கிறது, கெட்ட இணைப்பு சூடாகிறது. ஆகவே கடற்கரைப் பக்க வீடுகளில் வயர்மன் ஒருவரைக் கூப்பிட்டு வருடத்துக்கு ஒரு தடவை எல்லாப் பொயின்ட்டையும் திறந்து இறுக்கச் சொல்வது, புது ட்ரிப் சுவிட்ச் வாங்குவதை விடப் பிரயோசனம். பிளக் தலை பழுப்பேறியிருந்தாலோ, கருகிய மீன்போல நாறினாலோ அன்றே நிறுத்துங்கள். ஒரே மல்டி பிளக்கில் கேத்தலையும் அயனையும் சேர்த்துக் கொளுவுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, செய்கிறவர்களுக்கே தெரியும்.

காஸ் விடயம். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் குழாயும் வெடித்த சம்பவங்கள் தொடர்ந்து வந்தபோது எல்லாரும் ரெகுலேட்டருக்குச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். பயம் தெளிந்ததும் விட்டுவிட்டோம். அந்தப் பழக்கம் நல்லது, தொடருங்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். மணம் வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்; ரெகுலேட்டரை நிறுத்தி, கதவு யன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். சிலிண்டரின் வாயில் சுடர் நின்று எரிந்தால், வால்வை மூட வழியில்லாதபோது அந்தச் சுடரை மட்டும் அணைப்பது ஆபத்து. எரியாமல் வெளியேறுகிற காஸ் குசினியை நிரப்பிப் பிறகு வேறு எங்கோ பொறிபட்டு மொத்தமாக வெடிக்கும். தீயணைப்பாளர்கள் அதை எரியவிட்டுச் சிலிண்டரைத் தண்ணீரால் குளிரவைப்பது இதனால்தான். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் தொடவே கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1,700 லீற்றர் அளவுக்கு விரியும், கொதிக்கிற எண்ணெயை அது கூரைக்குத் தூக்கி எறியும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடி, ஆறும்வரை மூடியைத் திறக்காமல் விடுங்கள்.

தீ எரிகிற இடத்தில் டமார் டமார் என்று சத்தம் கேட்டால் எல்லாம் சிலிண்டர் இல்லை. அஸ்பெஸ்டஸ் சீட் சூடேறினால் துண்டு துண்டாக வெடித்துத் தெறிக்கும். யுத்தகாலச் சத்தங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால் சனம் அதற்கே சிதறி ஓடும். ஓடுவது நல்லதுதான், தெறிக்கிற துண்டு கண்ணில் பட்டால் போச்சு.

தொலைபேசி எடுக்கும் விடயம் சுலபம், ஆனால் பிழைவிடுவது அதில்தான். தீயணைப்புக்கான அவசர எண் 110. பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. தீயணைப்புப் பிரிவுகள் நம் நாட்டில் அந்தந்த உள்ளூராட்சி சபையின் கீழ் இருப்பதால் நம் ஊர் நிலையத்தின் நேரடி எண்ணையும் கேட்டு வாங்கிச் சுவரில் எழுதுங்கள். பேசும்போது "கடை எரியுது, ஓடி வாங்கோ" என்று வைத்துவிடாமல், வீதி, தெரிந்த அடையாளம், எத்தனை மாடி, என்ன பொருள் எரிகிறது, உள்ளே ஆள் உண்டா என்று சொல்லி, அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். பிறகு ஒருவரைச் சந்திக்கு அனுப்பி நிற்கவையுங்கள். உவர்மலைப் பக்கத்து ஒழுங்கைகளிலும் பாலையூற்றுப் பக்கத்து உள்வீதிகளிலும் வண்டி ஒரு தடவை பிழையாகத் திரும்பினால் திருப்பி எடுக்க நேரம் பிடிக்கும். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஒதுங்கினால் நல்லது. புள்ளிமான்களிடம் சொல்ல முடியாது, அவை நடுவீதியில் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும்.

வண்டி வந்ததும் கடைக்காரராகிய நீங்கள் செய்யவேண்டிய பெரிய உதவி, பொறுப்பாளரைத் தேடிப் போய் மூன்று விடயம் சொல்வது: உள்ளே யார், எந்த அறையில்; மெயின் சுவிட்ச், சிலிண்டர், ஜெனரேட்டர், பெற்றோல் எங்கே; பின்வாசல் எந்த ஒழுங்கையால். "எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்" என்று எண்ணிப் பார்த்துச் சொன்னால் அவர்கள் தேடுதலுக்கு ஆளை உள்ளே அனுப்பத் தேவையில்லை, எல்லாக் கையும் தீயை நோக்கித் திரும்பும். எண்ணாமல் சொல்லக்கூடாது. குழாய்க்கு மேலால் வாகனம் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் உள்ளே நிற்பவரின் கையில் தண்ணீர் நின்றுபோகும்.

கடைக்கு அணைப்பான் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வாங்குங்கள், 6 கிலோ உலர்தூள் வகை இரண்டு, ஒன்று வாசலில், ஒன்று மாடிப்படி அடியில். ஆனால் அது 20 வினாடி அளவுதான் வேலை செய்யும். குப்பைக்கூடை அளவுத் தீக்கு அது போதும், அலுமாரி அளவுக்குப் பெருத்துவிட்டால் போதாது. ஊழியப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதைக் கையில் எடுத்து அடித்துப் பார்த்திருக்கவேண்டும். பின்னைக் கழற்றாமலே பிடியை நெரித்துக்கொண்டு நிற்பவர்களை எத்தனையோ தடவை கண்டாயிற்று.

தீ அணைந்தபின் எப்போது உள்ளே போகலாம் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அவர்கள் விடும்வரை போகவேண்டாம். துணிக்கட்டின் நடுவில் தீ சுடரில்லாமல் பல மணித்தியாலம் கனன்றுகொண்டிருக்கும், அதனால்தான் அணைந்த பிறகும் கட்டுக்கட்டாக வெளியே இழுத்துப் பிரித்து நனைக்கிறார்கள். "மிச்சமிருந்த நல்ல துணியையும் நாசமாக்கிவிட்டார்கள்" என்று மைத்துனர் சொன்னது இதைத்தான் இருக்கவேண்டும். பிரிக்காமல் போயிருந்தால் விடியப்புறம் இரண்டாம் தடவை அழைத்திருப்பார். உள்ளே போகும்போது முகக்கவசம் போடுங்கள், உடைந்த அஸ்பெஸ்டஸ் துண்டுகளைக் கூட்டுமுன் நனைத்துக்கொள்ளுங்கள். மின்சார சபை பார்த்துச் சொல்லும்வரை ஒரு சுவிட்சும் போடக்கூடாது. எதையும் அகற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, பொலிசில் முறைப்பாடு பதிந்து, தீயணைப்புப் பிரிவின் அறிக்கைக்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான், அதோடு சரக்குக் கையிருப்புக் கணக்கையும். கணக்குப் புத்தகம் கடைக்குள்ளேயே எரிந்துபோனவர்கள் அந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள், ஆகவே மாதாமாதம் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.